தண்ணீருக்குப் போட வேண்டிய மருந்து

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றுக்குள் நுழைவது லேசான காரியமில்லை. பல ஊர்களின் முகப்பில் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் டிராக்டர் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதோடு பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிக்கிற விசைத்தெளிப்பான். தெருவிலும் சுவரிலும் கோயில் திண்ணையிலும் மூடிக் கிடந்த டீக்கடைப் பலகையிலும் கிருமிநாசினியைப் பீய்ச்சிக்கொண்டே வண்டி நகரும். சாக்கடையோரம் வெள்ளைக் கோடாகப் பிளீச்சிங் பவுடர் நீளும். அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலிலும் அந்தச் சித்திரை இதே நெடியோடுதான் வந்தது.

அடுத்த மாத நடுவில் உலக சுகாதார நிறுவனம் கையை விரித்தது. வெட்டவெளியில் மருந்து அடிப்பதால் கொரோனாக் கிருமி சாகாது, மண்ணும் தூசியும் மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும், ஆள் மீது அடிப்பது கேடு என்றது. ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் ஆட்கள் நடந்துபோக அமைத்த கிருமிநாசினிச் சுரங்கத்தைப் பார்த்து மற்ற ஊர்களும் அமைத்தன. பத்து நாளில் மாநில சுகாதாரத் துறையே அவற்றை நிறுத்தச் சொல்லிவிட்டது. தெருவில் அடிப்பது மட்டும் அவ்வளவு சீக்கிரம் நிற்கவில்லை.

இதை வெறும் அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் நோய் என்றதும் ஊராட்சியின் கை பிளீச்சிங் பவுடர் டப்பாவைத் தேடிப் போவதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கம் உருவானது தெருவில் அல்ல, கிணற்றடியில்.

அரசு ஊழியரை மிரட்டத் தமிழில் ஒரு வசனம் உண்டு: தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன். அந்தக் காடு பழைய ராமநாதபுரம் ஜில்லா. 1910இல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி ஒட்டி உண்டாக்கிய ஜில்லா அது. 1985இல் அதிலிருந்து இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தபோது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் புது மாவட்டத்தோடு சேர்ந்தன. காடு கூடவே வந்தது.

திருச்சுழி என்ற பெயரே ஒரு வேடிக்கை. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திய துளை வழியே சுழித்து உள்ளே இறங்கச் செய்தார், அந்தச் சுழிதான் ஊர்ப் பெயர் என்கிறது தலபுராணம். 1879இல் ரமண மகரிஷி பிறந்தது இங்கேதான். ஊரைத் தொட்டுக்கொண்டு குண்டாறு ஓடுவதாக வரைபடம் காட்டும். வருஷத்தில் பெரும்பகுதி அதில் கிடப்பது மணல். வெள்ளத்தின் பெயரைத் தாங்கிய ஊர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணிப் பழகியது.

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய பூமி இது. பெய்கிற சில வாரத்து நீரைப் பத்து மாதம் வைத்துக் குடிக்க வேண்டும். வயலுக்கும் மாட்டுக்கும் கண்மாய், குடிக்க ஊருணி என்று பிரித்து வைத்ததே இங்கத்து முதல் பொதுச் சுகாதார விதி எனலாம். குடிநீர் ஊருணியில் துணி துவைக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. கரையைச் சுற்றி முள்வேலி போட்டு, காவலுக்கு ஆள் வைத்து, அவருக்குத் தானியம் அளந்த ஊர்கள் உண்டு. கோடையில் நீர் கலங்கி மண் நிறத்துக்கு வரும்போது பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை இழைத்துவிடுவார்கள். கலங்கல் அடியில் படிந்து தெளிநீர் மேலே நிற்கும். தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் அல்ல என்பதுதான் சிக்கல். வாந்திபேதிக் கிருமிக்குத் தேத்தாங்கொட்டை தெரியாது.

இந்த ஏற்பாட்டுக்குள் இன்னொரு வேலியும் இருந்தது. ஊருணி ஊருக்குப் பொது என்பார்கள். அந்த ‘ஊரில்’ சேரி சேராது. தாழ்த்தப்பட்ட மக்கள் கரையோரம் காத்து நின்று, யாராவது மொண்டு ஊற்றினால் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது கண்மாய்க் குழியைத் தோண்ட வேண்டும். தண்ணீர் வற்றும் மாதங்களில் நோய் எந்தத் தெருவில் முதலில் நுழையும் என்பதைச் சாதியே தீர்மானித்து வைத்திருந்தது.

வெள்ளைக்காரர் ஆட்சி வந்த வேகத்தில் இந்தப் பக்கம் பெரிய நோய் ஒன்றும் வந்தது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளை ஒரு காய்ச்சல் உலுக்கியது. கம்பெனி அரசு வில்லியம் ஐன்ஸ்லி உள்ளிட்ட மருத்துவர்களின் குழுவை அனுப்பியது. அவர்கள் ஊர் ஊராகச் சுற்றி, காற்றையும் சதுப்பையும் மழையையும் காரணம் சொல்லி எழுதிய அறிக்கை 1816இல் லண்டனில் அச்சேறியது. கொசு என்ற விடைக்கு இன்னும் எண்பது ஆண்டு பாக்கி இருந்தது. அறிக்கை எழுத ஆள் இருந்தது. ஊரில் அதைச் செய்துமுடிக்க ஓர் அமைப்பு இல்லை.

அடுத்து 1818இல் காலரா தென்னாட்டுக்கு வந்து சேர்ந்தது. படையோடும் வணிகரோடும் ராமேஸ்வரம் போகும் யாத்திரிகரோடும் அது நடந்தது. கக்கல் கழிச்சல், வாந்திபேதி, பேதி என்று ஊருக்கொரு பெயர். காலையில் நன்றாக இருந்தவர் விளக்கு வைக்கும் நேரத்தில் இல்லை என்ற வேகம் எல்லா ஊருக்கும் பொது. மிக மோசமான ஆண்டு 1877. தாது வருஷப் பஞ்சத்தின் நடுவே, சென்னை மாகாணத்தில் காலரா என்று பதிவான சாவு மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல். பஞ்சத்தில் ஊருணி வற்றும், வற்றிய ஊருணியின் கடைசிச் சேற்று நீரை எல்லாரும் மொள்ளுவார்கள். மிச்சத்தைக் கிருமி பார்த்துக்கொள்ளும்.

சாவு எத்தனை என்று எண்ணியது யார்? இங்கேதான் கிராம நிர்வாகம் நோய்க்கதைக்குள் நுழைகிறது. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் ஜமீன் நிலம். ஜமீனுக்கு வரியில்தான் கண். சர்க்காருக்குக் கிராமத்தில் இருந்த கை கிராம முன்சீப்பும் கணக்குப்பிள்ளையும், அவர்களுக்குக் கீழே தலையாரியும் வெட்டியானும். பிறப்பு இறப்புப் புத்தகம் முன்சீப்பின் பொறுப்பு. காலராவோ அம்மையோ கண்டால் உடனே மேலிடத்துக்கு எழுத வேண்டியவரும் அவரே.

அந்தப் புத்தகத்தின் இறப்புக் காரணப் பத்திகள் படிக்கச் சுவையானவை. காலரா, பெரியம்மை, காய்ச்சல், சீதபேதி, காயம், மற்றவை. மருத்துவம் படிக்காத ஒருவர், பிணத்தைப் பார்க்காமலே, வெட்டியான் சொன்னதைக் கேட்டு இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புரியாததெல்லாம் ‘காய்ச்சல்’. 1918இல் உலகத்தைச் சூறையாடிய இன்ஃப்ளூயன்சா இந்தியக் கிராமப் புத்தகங்களில் பெரும்பாலும் அந்தப் பத்திக்குள்தான் புதைந்து கிடக்கிறது.

ஊர் மட்டத்தில் பணமும் அதிகாரமும் கொண்ட அமைப்பு மெல்லத்தான் வந்தது. 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம், 1884இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டம். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்று மூன்றடுக்கு. சாலை, சத்திரம், பள்ளி, ஆஸ்பத்திரி, அம்மை குத்துதல் எல்லாம் அவர்கள் தலையில்.

அதற்காக அருப்புக்கோட்டை அதுவரை ஆளற்றுக் கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. இது நெசவும் வணிகமும் கலந்த ஊர். நாடார் வரலாற்றில் ‘ஆறு ஊர்கள்’ என்று பேசப்படும் வணிக ஊர்களில் அருப்புக்கோட்டையும் பக்கத்துப் பாளையம்பட்டியும் இரண்டு. அந்த ஊர்களில் உறவின்முறை என்ற அமைப்பு, வண்டி ஏற்றி வரும் சரக்குக்கு மகமை வசூலித்தது. அந்தக் காசில் பேட்டை கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். ஜில்லா போர்டு வரி போடுவதற்கு முன்பே தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்ட கூட்டம் அது. அதன் கிணறு அதன் ஆட்களுக்கு என்பதும் சேர்ந்தே வரும் உண்மை. உள்ளூராட்சி என்ற பெயரில் சட்டம் கொண்டுவந்தது புதிதாக ஒன்றை உண்டாக்கவில்லை. தெருவுக்குத் தெரு தனித்தனியாக இருந்ததை ஊருக்கெல்லாம் ஒன்றாக்க முயன்றது. அந்த முயற்சி இன்னும் முடிந்தபாடில்லை.

போர்டு அனுப்பிய முதல் சுகாதார ஊழியரை மக்கள் வரவேற்கவில்லை. அவர் அம்மை குத்துகிறவர். பெரியம்மை இங்கே நோய் என்று பேசப்படவில்லை. ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் பேச்சு. வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் வெளியாள் உள்ளே வரக் கூடாது. வீட்டில் தாளிப்பு இல்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை கட்டுப்பாடுதான். சாத்தூர் அருகே இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடியில் நடந்து போகும் கூட்டத்தில் பலர், அம்மையில் பிழைத்த பிள்ளைக்கு நேர்ந்துகொண்டவர்களாக இருந்த காலம் அது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் உள்ளூர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது, வெளியூர்க்காரர் உள்ளே தங்கக் கூடாது என்ற விதியைப் பல ஊர்களில் இன்றும் பார்க்கலாம். 2020இல் முள் வெட்டிப் போட்டவர்களுக்கு யாரும் தனிமைப்படுத்தல் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மனுக்கும் அரசுக்கும் நடுவே அம்மை குத்துகிறவர் மாட்டிக்கொண்டார். 1884இல் தடுப்பூசிச் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தைவிடப் பிள்ளைகளின் கால் வேகமாக ஓடியது. ஆரம்பத்தில் ஒரு குழந்தையின் கையில் பழுத்த கொப்புளத்திலிருந்து எடுத்து இன்னொரு குழந்தைக்குக் குத்தும் முறை. சாதி பார்த்து வாழ்ந்த ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று ஊகிக்கலாம். கன்றுக்குட்டியிலிருந்து எடுக்கும் நிணநீர் வந்தபிறகே அந்தத் தகராறு தணிந்தது. அதைத் தயாரிக்க 1899இல் சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் நிறுவப்பட்டது. மாகாண சுகாதார ஆணையர் டபிள்யூ. ஜி. கிங் பெயர்தான் அதற்கு. 121 ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டின் முதல் கொரோனா பரிசோதனைக் கூடமாக இயங்கியதும் அதே நிறுவனந்தான்.

பிளேக் வந்த விதம் வேறு. அது 1896இல் பம்பாயில் இறங்கியது. மறு ஆண்டே கொள்ளை நோய்ச் சட்டம். சென்னை மாகாணம் ஒரு சீட்டைக் கண்டுபிடித்தது: பிளேக் பாஸ்போர்ட். நோய் பரவிய பகுதியிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் பயணியிடம் பெயர், ஊர், போகும் வீடு எல்லாம் கேட்டு எழுதிக் கையில் ஒரு சீட்டைக் கொடுப்பார்கள். அவர் பத்து நாள் தினமும் உள்ளூர் அதிகாரியிடம், கிராமமானால் முன்சீப்பிடம், போய் முகம் காட்ட வேண்டும். அருப்புக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. 1876இல் திறந்த மதுரை–தூத்துக்குடிப் பாதையில் விருதுபட்டியில் இறங்கி மாட்டுவண்டி பிடிக்க வேண்டும். சீட்டும் வண்டியிலேயே வரும்.

2020 கோடையில் இ-பாஸ் கேட்டு மாவட்ட எல்லையில் நின்றவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஜூன் மாதம் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து மண்டலத்துக்குள் பாஸ் வேண்டாம் என்றார்கள், மாதக் கடைசியில் மறுபடி வேண்டும் என்றார்கள், ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு மாவட்டங்களுக்கு இடையிலான பாஸ் ஒழிந்தது. வெளியூரிலிருந்து வந்தவர் வீட்டுக் கதவில் ஒட்டிய சுவரொட்டி மட்டும் பிளேக் காலத்தவருக்குப் புதிதாக இருந்திருக்கும். அவர்களுக்கு வேப்பிலையே போதுமாக இருந்தது.

ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்குத் தனிமைப்படுத்தல் இன்னொரு வழியிலும் பழக்கம். பஞ்சம் வந்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போவது இந்தப் பூமியின் வழக்கம். கூலிகளோடு காலரா வருகிறது என்று இலங்கை அரசு பயந்து, இந்தியக் கரையிலேயே முகாம் போட்டது. முதலில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை, பிறகு மண்டபம். கப்பலேறும் முன் சில நாள் அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணியை மருந்தில் அவித்து அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றும் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. அந்த முகாமை நடத்தியது இங்கே ஓட்டு வாங்கிய யாரும் இல்லை. அடுத்த நாட்டு அரசு தன் தோட்ட முதலாளிகளுக்காக நடத்தியது.

இனி கிணற்றடிக்கு வரலாம்.

1890களில் ஆக்ராவில் வேலை பார்த்த ஹாங்கின் என்ற நுண்ணுயிரியல் அறிஞர், காலரா கண்ட ஊரில் கிணறுகளுக்குப் பெர்மாங்கனேட் போட வேண்டும் என்று பரிந்துரைத்தார். ஊதாச் சிவப்பாகக் கரையும் அந்த மருந்து நாடு முழுதும் பரவியது. போர்டு ஆட்கள் சட்டி நிறையக் கரைத்து வந்து கிணற்றுக்குள் கவிழ்க்கும்போது ஊர் கூடி நின்று பார்க்கும். குடிக்கிற நீர் ரத்தக் கலராக மாறினால் யாருக்குத்தான் பயமில்லை? வெள்ளைக்காரன் கிணற்றில் விஷம் போடுகிறான் என்ற வதந்தி பல மாகாணங்களில் கிளம்பியது. மெல்லப் பெர்மாங்கனேட் போய் பிளீச்சிங் பவுடர் வந்தது. நிறம் இல்லை, நெடி உண்டு. புதிதாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். சாக்கைத் திறந்து வெயிலில் போட்டு வைத்தால் நாளுக்கு நாள் சத்துப் போய் வெறும் சுண்ணாம்பாகிவிடும். இந்தச் சின்ன விஷயம் தெரிந்த ஊழியருக்கும் தெரியாத ஊழியருக்கும் நடுவே உயிர்கள் தொங்கின.

1920களில் சென்னை மாகாணம் ஒரு காரியத்தை மற்ற மாகாணங்களுக்கு முன்னால் செய்தது. மருத்துவமனைகளிலிருந்து தனியாகப் பொதுச் சுகாதாரத் துறையை வளர்த்து, ஜில்லாதோறும் ஒரு ஹெல்த் ஆபீசரை நியமித்தது. துறையை நடத்திய ஏ. ஜே. எச். ரஸ்ஸல், காலரா எந்த இடைவெளியில் திரும்பி வருகிறது என்று பழைய பதிவுகளைப் புரட்டிக் கணக்குப் போட்டவர். சுந்தரராஜன் என்பவரோடு சேர்ந்து இந்தியக் காலரா பற்றி எழுதிய நூல் 1928இல் வந்தது. முன்சீப் அரைகுறையாக நிரப்பிய புத்தகங்கள்தான் அவருடைய மூலதனம். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் வேறு, ஊரைப் பார்க்கும் மருத்துவர் வேறு என்ற அந்தப் பிரிவினையைத் தமிழ்நாடு இன்றுவரை விடவில்லை. மோனிகா தாஸ் குப்தா போன்ற ஆய்வாளர்கள் மற்ற மாநிலங்களுக்குச் சுட்டிக்காட்டுவதும் அதைத்தான்.

அதே பத்தாண்டில் கிணற்றின் இன்னொரு நோய்க்கும் மருந்து தேடினார்கள். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸுக்கு உரிமம் இல்லை என்று உத்தரவு போட்டவர். ஊருணியில் அவ்வளவு எளிதாக உத்தரவு செல்லவில்லை. பல ஊர்களில் போர்டு செய்தது, சேரிக்குத் தனிக் கிணறு வெட்டிக் கொடுத்ததுதான். வேலி அப்படியே நின்றது, வேலிக்கு அந்தப் பக்கமும் தண்ணீர் கிடைத்தது.

1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரம் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் கையில் இருந்த காலம். நீர்நிலையை மூடு, வீட்டைச் சுத்தம் செய், நோயாளியை அப்புறப்படுத்து என்று சொல்லும் அதிகாரத்தை ஹெல்த் ஆபீசருக்கு அது கொடுத்தது. திருவிழாக்களுக்கென்றே தனி அத்தியாயம் உண்டு. கூட்டம் கூடும் ஊரில் குடிநீர், கக்கூஸ், மருத்துவ முகாம் எல்லாம் ஏற்பாடு செய்வது உள்ளூர் அமைப்பின் கடமை. சித்திரைத் திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸை வழியில் நிறுத்திக் காலரா ஊசி போட்ட கதையைத் தென்மாவட்டத்து முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். ஊசிக்குப் பயந்து பஸ்ஸிலிருந்து குதித்து ஓடியவர் கதையும் கூடவே வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன் போனது, போர்டும் போனது. 1958 பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. முதலமைச்சர் காமராஜ் இதே பூமியின் பிள்ளை, விருதுநகர்க்காரர். ஒன்றியத்துக்கு அடிகுழாய் போடுவதே தலையாய வேலையாக இருந்த பத்தாண்டுகள் அவை. படியிறங்கி நீர் மொள்ளும் ஊர்களின் நோயான நரம்புச் சிலந்தி, நீர் எடுக்கும் விதம் மாறியதாலேயே ஒழிந்தது. தமிழ்நாட்டில் அது 1980களின் தொடக்கத்திலேயே அடங்கிவிட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானில் காணப்பட்டார். தடுப்பூசி கிடையாது, மாத்திரை கிடையாது. ஊருணிப் படியில் கால் நனைவது நின்றது, புழு செத்தது. 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி முன்சீப், கணக்குப்பிள்ளை (கர்ணம்) பதவிகளை ஒழித்தது. எம்.ஜி.ஆரும் 1977இல் அருப்புக்கோட்டையில் நின்று வென்றுதான் முதலமைச்சரானவர். பிறப்பு இறப்புப் புத்தகம் கிராம நிர்வாக அலுவலரிடம் கைமாறியது.

வைகையிலிருந்தும் தாமிரபரணியிலிருந்தும் குழாய் வந்த பிறகு அருப்புக்கோட்டையின் தண்ணீர்க் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. குழாயில் தினமும் வராது. சில கோடைகளில் வாரம் தாண்டியும் வராது. வரும் நாளில் வீட்டில் இருக்கிற குடம், டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைப்பார்கள். அப்படி நிரப்பி வைத்த நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். முன்பு அழுக்கு நீர் கொன்றது, இப்போது சுத்த நீர் காய்ச்சல் கொடுத்தது. 2012இல் திருநெல்வேலிப் பக்கமும் 2017இல் மாநிலமெங்கும் டெங்கு தாக்கியபோது உள்ளாட்சிகள் தொட்டிகளில் அபேட் மருந்து ஊற்றத் தினக்கூலிக்கு ஆட்களை எடுத்தன. வீடு வீடாகப் போய் டிரம் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கும் அந்த ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், ஒரு தெருவில் யார் எந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள், யாருக்குக் காய்ச்சல் என்பதை வேறு எவரையும்விட நன்றாக அறிந்தவர்கள்.

கொரோனா வந்தபோது கைகொடுத்தது அந்த அறிவு. பிளீச்சிங் பவுடர் அல்ல. கொசு ஒழிப்புப் பணியாளரையே வீட்டுக் கணக்கெடுப்புக்கு அனுப்பினார்கள். டிரம்முக்கு அடித்த டார்ச்சுக்குப் பதில் நெற்றிக்குக் காட்டும் வெப்பமானி. கபசுரக் குடிநீர் அண்டாவும் காய்ச்சல் முகாமும் சேர்ந்துகொண்டன. 2020 மார்ச்சில் சட்டசபை அறிவிப்பால் துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியது. பெயர் மாறிய சில நாளில் அவர்கள்தான் மூடிய ஊரில் நடமாடிய ஒரே கூட்டம்.

அந்த ஆண்டில் இந்த வட்டாரத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. அதிகம் பேசப்படாதது. கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்திருந்தது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை ஒன்றியங்களின் ஊராட்சித் தலைவர்கள் 2020 ஜனவரி 6இல் பதவியேற்றார்கள். ஊரடங்கு வந்தபோது அவர்கள் நாற்காலிக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. காசோலையில் கையெழுத்துப் போடப் பழகுவதற்குள் முள்வேலி, ரேஷன், நூறு நாள் வேலை நின்றுபோனவர்களின் சாப்பாடு, சென்னையிலிருந்து இரவோடிரவாகத் திரும்பிய பிள்ளைகள் என்று எல்லாம் அவர்கள் வாசலில் வந்து நின்றன. ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் உரிமையோடு சண்டை போடலாம். போட்டார்கள்.

நகரம் நேர் எதிர். 36 வார்டு கொண்ட, 2011 கணக்கில் 87 ஆயிரத்துக்கு மேல் மக்கள் வாழும் அருப்புக்கோட்டை நகராட்சிக்கு, தமிழ்நாட்டின் மற்ற நகராட்சிகளைப் போலவே, 2016 அக்டோபரிலிருந்து மன்றமே இல்லை. தனி அலுவலரின் ஆட்சி. தறி நின்று, பூச்சந்தை நின்று, தெருவில் யாரிடம் போய்க் கேட்பது என்றால் வார்டு உறுப்பினர் என்ற ஆள் கிடையாது. கட்டளை வேகமாக இறங்கும். தெருவின் குரல் மேலே ஏற வழியில்லை. புது மன்றம் அமைந்தது 2022 மார்ச்சில், மூன்று அலையும் ஓய்ந்த பிறகு. மாகாண காலத்து மண்டபம் முகாமுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை என்று ஒருவர் வாதிட்டால் மறுக்கக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கிராமத்திலும் பாதிக் கதவு மூடியே இருந்தது. 2020 மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அடுத்த ஜனவரி 26 என்று கிராம சபைகள் தொற்றைக் காரணம் காட்டி வரிசையாக ரத்தாயின. டாஸ்மாக் திறந்திருக்கிறது, சபை மட்டும் கூடக் கூடாதா என்ற கேள்வி மாநிலமெங்கும் எழுந்தது. தலைவர்கள் செலவழித்தார்கள், சபை கணக்குக் கேட்கவில்லை. விருதுநகர் மாவட்டத்தில் சபை திரும்பக் கூடியது 2021 அக்டோபர் 2இல்.

1939 சட்டம் மட்டும் எல்லாக் காலத்துக்கும் ஈடுகொடுத்தது. 2020 செப்டம்பரில் அதைத் திருத்தி, முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் சேர்த்தார்கள். முன்சீப் புத்தகத்தின் பழைய தகராறும் திரும்பி வந்தது. 2020 ஜூலை 22இல் மாநில அரசு, கணக்கில் விட்டுப்போன 444 சாவுகளைச் சேர்த்தது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் அரசின் அன்றாட அறிக்கையும் ஒத்துப்போகாததில் வெளிவந்த எண் அது. எந்தப் பத்தியில் எழுதுவது என்ற குழப்பம் ‘காய்ச்சல்’ என்பதிலிருந்து ‘இணை நோய்’ என்பதற்கு நகர்ந்திருந்தது.

அறிவிப்பும் பழைய முறையில்தான் பல ஊரில் போனது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிய ஊர்கள் உண்டு, தண்டோரா போட்ட ஊர்களும் உண்டு. பெர்மாங்கனேட் நாளிலிருந்து ‘கிணத்துல மருந்து போட்டிருக்கு’ என்று பறையடித்துச் சொன்னவர், பல நேரம் அந்தக் கிணற்றில் மொள்ள உரிமை இல்லாதவர். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, ஆளை வைத்துத் தண்டோரா போடுவதைக் கைவிட வேண்டும், ஒலிபெருக்கி போதும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்.

விசைத்தெளிப்பான்கள் பருத்திக்கும் மிளகாய்க்கும் திரும்பிப் போய்விட்டன. பிளீச்சிங் பவுடர் தன் சொந்த வேலைக்குத் திரும்பியிருக்கிறது. ஊராட்சியின் டேங்க் ஆப்பரேட்டர் வாளியில் அதைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் இறங்கும்வரை காத்திருந்து, தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டு மேல்நிலைத் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறுகிறார். தொட்டிச் சுவரில் ‘சுத்தம் செய்த நாள்’, ‘சுத்தம் செய்யும் நாள்’ என்று இரண்டு கட்டம். பெயிண்டில் எழுதிய பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிய தேதி எழுதுகிறார். கீழே குடங்கள் வரிசையில் நிற்கின்றன.